பாத்திரம் அறிதல்

சில மாதங்களுக்கு முன்பு அன்பர் ஒருவர் ஆசிரமத்திற்கு வந்திருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். எளிய வாழ்க்கை வாழ்பவர். பேச்சின் நடுவே தயங்கியபடி ஒரு கேள்வியைக் கேட்டார்.

“சுவாமிஜி, பஞ்சத்தில் வாடும் சோமாலியாவின் குழந்தைகளுக்காக மாதந்தோறும் ஒரு சிறு தொகை அனுப்பி வந்தேன். அங்கே போய்ச் சேரும் உணவில் ஒரு பகுதி ஆயுதம் ஏந்தியவர்களின் கைக்குப் போகிறது என்று பத்திரிகையில் படித்தேன். அன்றோடு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். ‘பாத்திரம் அறிந்து பிச்சை இடு’ என்றுதானே பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்? நான் செய்தது சரிதானே?”

அவர் கருமி அல்லர். கொடுக்க மனமில்லாதவன் தேடும் சாக்கும் அல்ல அது. தம் கையால் கொடுத்தது ஒரு கொலைக்குத் துணை போய்விடக் கூடாதே என்ற அச்சத்திலிருந்து எழுந்த கேள்வி. அதனால்தான் அவருக்கு உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. ‘கொடுப்பது உன் கடமை, பிறகு நடப்பது இறைவன் கையில்’ என்று சொல்லியிருக்கலாம். அது அழகான பதில். ஆனால் போதுமான பதிலா? இந்தக் கட்டுரை, அன்று நான் சொல்லாமல் விட்டதைச் சிந்தித்துப் பார்க்கும் முயற்சி.

சமையற்கூடங்கள்

1991 ஜனவரியில் சோமாலியாவில் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்தது. அவரை வீழ்த்திய குழுக்கள் தங்களுக்குள்ளேயே போரிடத் தொடங்கின. ஜுபா, ஷபெல்லே என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட தெற்குப் பகுதிதான் அந்நாட்டின் தானியக் களஞ்சியம். படைகள் மாறி மாறி அந்த நிலத்தின் வழியே சென்றன. குடியானவர்கள் குழிகளில் சேமித்திருந்த சோளம் பறிபோயிற்று, கால்நடைகள் பறிபோயின. வறட்சியும் சேர்ந்துகொண்டது. 1992-இல் பைடோவா நகரின் தெருக்களிலிருந்து ஒவ்வொரு காலையும் பிணங்களை வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். அந்தப் பஞ்சத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது.

உலகம் தானியம் அனுப்பியது. ஆனால் அரசும் வங்கியும் இல்லாத நாட்டில் ஒரு மூட்டை அரிசி என்பது உணவு மட்டுமன்று, அதுவே பணம். அதைத் தூக்கிச் செல்லலாம், பதுக்கலாம், விற்கலாம், தோட்டாக்களுக்கு மாற்றலாம். துறைமுகத்திலும் வழியிலும் கொள்ளை நடந்தது. எவ்வளவு கொள்ளை போயிற்று என்பது அன்றே சர்ச்சைக்குரியதாக இருந்தது. பெரும்பகுதி போயிற்று என்றனர் சிலர். அது மிகைப்படுத்தப்பட்ட கணக்கு என்றனர் களத்தில் இருந்த சிலர்.

அப்போது சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கமும் சோமாலியச் செம்பிறைச் சங்கமும் ஒரு வழியைக் கைக்கொண்டன. மூட்டையாகக் கொடுப்பதைவிடச் சமைத்துக் கொடுப்பது மேல் என்று முடிவு செய்தன. வெந்த சோற்றையும் பயற்றையும் எவராலும் பதுக்கிவைக்க முடியாது. மாலைக்குள் அது கெட்டுவிடும். சந்தையில் அதற்கு விலை இல்லை. துப்பாக்கி ஏந்திய இளைஞன் கையில் தட்டுடன் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பின்னால் வரிசையில் நிற்க விரும்புவதில்லை. உள்ளூர் மக்களே சமைத்தார்கள், பரிமாறினார்கள். இத்தகைய சமையற்கூடங்கள் 900-க்கும் மேலாகப் பெருகின; பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே உண்டனர்.

நம் நாட்டின் அன்னசத்திரங்களை நடத்திய முன்னோருக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது. பசித்து வந்தவருக்குச் சமைத்த உணவை இலையில் இடுவதில் அன்பு மட்டுமன்று, நுட்பமான ஓர் அறிவும் இருக்கிறது. பசி இல்லாதவன் அந்த இலைமுன் வந்து உட்காருவது அரிது.

ஆனால் இதிலும் கறை இல்லாமல் இல்லை. அரிசி சமையற்கூடம் வரை வந்து சேரவேண்டுமே! ஆயுதத்தைத் தன் வாகனங்களின் அருகிலும் அனுமதிக்காத செஞ்சிலுவைச் சங்கம், சோமாலியாவில் தன் வழக்கத்திற்கு மாறாக ஆயுதக் காவலர்களை அமர்த்திக்கொண்டது. யாரிடமிருந்து பாதுகாப்புத் தேவைப்பட்டதோ, அவர்களையே ஒத்த மனிதர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. தூய கைகளோடு அந்தப் பணியைச் செய்ய வழி இருக்கவில்லை.

நிறுத்தியதன் கணக்கு

கொடுப்பதால் வரும் கேட்டைப் பார்த்தோம். கொடுப்பதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் அதே சோமாலியா உலகிற்குக் காட்டியிருக்கிறது.

2008-இல் அமெரிக்க அரசு அல்-ஷபாப் இயக்கத்தைப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. தெற்குச் சோமாலியாவின் பெரும்பகுதி அப்போது அந்த இயக்கத்தின் பிடிக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கு செல்லும் உதவியில் எதுவும் அவர்களுக்குக் கிடைத்துவிட்டால், உதவி செய்தவரே குற்றவாளி ஆகக்கூடும் என்ற நிலை தோன்றியது. நன்கொடைகள் சுருங்கின. அந்த இயக்கமோ நிவாரண அமைப்புகளிடம் பணம் கேட்டது, நிபந்தனைகள் விதித்தது, மிரட்டியது. பணியாளர்கள் சிலர் கொல்லப்பட்டிருந்தனர். 2010 ஜனவரியில் உலக உணவுத் திட்டம் தெற்கில் தன் பணியை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு மார்ச் மாதம் ஐக்கிய நாடுகளின் கண்காணிப்புக் குழு ஒன்று, அத்திட்டத்தின் உணவில் பாதி வரை வேறு கைகளுக்குப் போகிறது என்று அறிக்கை தந்தது. உணவுத் திட்டம் அதை மறுத்தது.

நிறுத்தியவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல முடியாது. தம் ஊழியர்களின் உயிருக்கு அவர்கள் பொறுப்பாளிகள். கொடுத்த பணத்திற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள். ஒவ்வொரு முடிவுக்கும் தக்க காரணம் இருந்தது.

2010-ஆம் ஆண்டின் இறுதியில் பெய்ய வேண்டிய மழை பொய்த்தது. பஞ்சம் வரக்கூடும் என்று முன்னறிவிப்பாளர்கள் திரும்பத் திரும்ப எச்சரித்தனர். தானிய விலை ஏறியது, கூலி ஏறவில்லை. 2011 ஜூலை 20 அன்று ஐக்கிய நாடுகள் சபை தெற்குச் சோமாலியாவின் இரு பகுதிகளில் பஞ்சம் நிலவுவதாக முறைப்படி அறிவித்தது. பிறகுதான் சட்டத்தின் பிடி தளர்ந்தது, உதவி பெருகியது. பின்னாளில் நடந்த ஆய்வு ஒன்று, 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை அந்தப் பஞ்சத்தால் 2,58,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

பஞ்சம் என்ற சொல்லை அறிவிக்கச் சில அளவுகோல்கள் உண்டு. ஐந்தில் ஒரு குடும்பமாவது உணவே இல்லாத நிலையில் இருக்க வேண்டும். குழந்தைகளில் 100-க்கு 30 பேருக்கு மேல் கடும் ஊட்டமின்மையால் மெலிந்திருக்க வேண்டும். 10,000 பேருக்கு நாளொன்றுக்கு இருவராவது இறந்துகொண்டிருக்க வேண்டும். அதாவது, ஐயத்திற்கு இடமின்றி ‘இது பஞ்சம்’ என்று சொல்வதற்குள் பிணங்கள் விழுந்தாக வேண்டும். 2011-இல் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அறிவிப்புக்கு முன்பே இறந்துவிட்டார்கள். முழு நிச்சயத்திற்காகக் காத்திருந்ததன் விலை அது. அந்த விலையைச் செலுத்தியவர்கள் காத்திருந்தவர்கள் அல்லர்.

இன்னொன்றையும் இங்கே நினைக்க வேண்டும். 1992-இலும் 2011-இலும் மிகுதியாக இறந்தவர்கள் ஒரே மக்கள்தாம். ஆற்றிடைப் பகுதியின் உழவர்கள், பண்ட்டு வம்சாவளியினர். ஆயுத பலமோ, வெளிநாட்டில் பணம் சம்பாதிக்கும் உறவினரோ அதிகம் இல்லாதவர்கள். பஞ்சத்தில் மக்கள் சாவது ஊரில் உணவு இல்லாததால் மட்டுமன்று, அதைப் பெறும் உரிமையும் வசதியும் அவர்களிடம் இல்லாததால்தான் என்று அமர்த்தியா சென் 1981-இல் தம் நூலில் விளக்கினார். மழை எல்லோருக்கும் பொய்க்கிறது. சாவு மட்டும் ஆள் பார்த்து வருகிறது.

குளக்கரையில் நிற்பவன்

மேலைநாட்டுத் தத்துவ வகுப்புகளில் புகழ்பெற்ற ஓர் உவமை உண்டு. 1971-இல் கிழக்கு வங்காள அகதிகள் லட்சக்கணக்கில் துயருற்றபோது, அதை மனத்தில் கொண்டு பீட்டர் சிங்கர் என்ற தத்துவ அறிஞர் எழுதிய கட்டுரையில் அது வருகிறது. வழியில் உள்ள குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. இறங்கித் தூக்கினால் உங்கள் உடை பாழாகும், அவ்வளவுதான். தூக்காமல் போவீர்களா? போகமாட்டீர்கள் என்றால், தொலைவில் பசியால் இறக்கும் குழந்தையை விட்டுவிட மட்டும் என்ன நியாயம் என்பது அவர் கேள்வி. தொலைவு கடமையைக் குறைப்பதில்லை.

நல்ல வாதம். ஆனால் நம் அன்பரின் கேள்வி அதைத் தாண்டி நிற்கிறது. அவருடைய குளக்கரையில் ஒரு கொள்ளைக்காரனும் நிற்கிறான். ‘குழந்தையைத் தூக்க வேண்டுமானால் எனக்குப் பங்கு கொடு’ என்கிறான். கொடுத்தால் நாளை இன்னொரு குழந்தையை அவனே குளத்தில் தள்ளக்கூடும். இப்போது என்ன செய்வது?

கொள்ளைக்காரன் கேட்டதை அப்படியே கொடுத்துவிடுவது ஒரு வழி. விலகிப் போவது இன்னொரு வழி. இரண்டிலும் ஒரு வசதி இருக்கிறது: சிந்திக்கும் வேலை முடிந்துவிடுகிறது. மறுகரைக்குச் சுற்றிப் போவதா, ஊராரைக் கூப்பிடுவதா, அவனால் பறிக்க முடியாத ஒரு கயிற்றை வீசுவதா என்று தேடுவது மூன்றாவது வழி. 1992-இன் சமையற்கூடம் அப்படி வீசப்பட்ட ஒரு கயிறு.

தேசம், காலம், பாத்திரம்

தகுந்த இடத்தில், தகுந்த காலத்தில், தகுந்தவருக்கு, கைம்மாறு கருதாமல் கொடுப்பதே சாத்விக தானம் என்று கீதை வகுக்கிறது. ‘பாத்திரம் அறிந்து’ என்ற பழமொழியும் அதைச் சார்ந்ததே. ஆனால் இங்கே பாத்திரம் யார்? நம் அன்பர் பாத்திரத்தைத் தேடும்போது அவர் கண்ணில் பட்டவன் துப்பாக்கி ஏந்தியவன். அவன் பாத்திரம் அல்லன், வழியில் நிற்கும் தடை. பாத்திரம் அந்தக் குழந்தை. தடையின் தகுதியின்மையைக் காரணம் காட்டிப் பாத்திரத்திற்கு மறுத்தால், பாத்திரம் அறிந்ததாக ஆகுமா?

கர்மயோகத்தை நாம் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுவே. பலனில் பற்று வைக்காதே என்ற போதனையைப் ‘பலன் எப்படியாவது போகட்டும்’ என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு வரும் பலனைத் துறக்கச் சொன்னார்களேயன்றி, பிறருக்கு விளையும் பலனை எண்ணாதே என்று சொல்லவில்லை. பெயர், புகழ், புண்ணியம், ‘நான் கொடுத்தேன்’ என்ற நிறைவு ஆகியவையே நாம் விட வேண்டியவை. பெற்றவரின் வயிறு நிறைந்ததா என்ற கவலையை விட்டால் அது துறவு ஆகாது, அலட்சியமே ஆகும்.

இதைச் சற்று நீட்டிப் பார்த்தால் சங்கடமான ஓர் உண்மை தெரிகிறது. ‘என் பணம் பாவத்திற்குத் துணை போகக் கூடாது’ என்று நிறுத்துவதிலும் நுட்பமான ஒரு பலன் ஒளிந்திருக்கிறது: என் கை தூய்மையாக இருக்கிறது என்ற திருப்தி. பசித்த குழந்தையின் வயிற்றைக் கொடுத்து வாங்கிய தூய்மை அது. குறை சிறிதும் கலவாத செயல் உலகில் இல்லை என்பதைக் கீதை தன் இறுதி அத்தியாயத்தில் நினைவூட்டுகிறது. கறைக்கு அஞ்சிக் கடமையை விடுபவன் கறையிலிருந்தும் தப்புவதில்லை. செய்யாமல் விட்டதும் ஒரு செயலே. அதற்கும் விளைவு உண்டு.

ஆகவே இந்தக் கேள்வியை இப்படிக் கேட்கலாம்: ஐயத்தின் சுமையை யார் தாங்குவது? கொடுத்தது சேருமா, சேராதா என்ற ஐயம் எழுவது இயல்பு. அதைக் கொடுப்பவர் தம் உழைப்பால் தாங்கலாம். விசாரிக்கலாம், வழியை மாற்றலாம், கண்காணிக்கலாம். அல்லது பெறுபவர் தம் உடலால் தாங்க நேரும். நிறுத்திவிடும்போது சுமை முழுவதும் இரண்டாமவர் தலையில் இறங்குகிறது. அவர்தான் அதைத் தாங்கும் வலிமை மிகக் குறைந்தவர்.

அறிவோடு கூடிய கருணை

கருணைக்கு அறிவு எவ்வளவு தேவை என்பதை ஊட்டமின்மை சிகிச்சையைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையின் நடுப்பகுதியை வண்ண நாடாவால் அளக்கிறார்கள். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் நாடா சிவப்பைக் காட்டும்; அது உயிருக்கு ஆபத்தான நிலை. அப்படிப்பட்ட ஒரு குழந்தையை நாம் பார்த்தால் வயிறு நிறையச் சோறு ஊட்டவே மனம் துடிக்கும். ஆனால் நீண்ட பட்டினியில் சுருங்கிப்போன உடல் திடீரென வரும் உணவைத் தாங்காது. இரத்தத்தில் உப்புகளின் சமநிலை குலைந்து இதயமே நின்றுபோகலாம். அதனால் நோய் முற்றிய குழந்தைகளுக்கு 100 மில்லிலிட்டரில் 75 கலோரி மட்டுமே உள்ள நீர்த்த பாலை முதலில் சிறிது சிறிதாகக் கொடுக்கிறார்கள். உடல் நிலைபெற்ற பிறகே செறிந்த உணவு.

பசி எடுக்கிற, வேறு சிக்கல் இல்லாத குழந்தைகளை மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டியதில்லை. 1996-இல் ஆந்த்ரே பிரியாந் என்ற பிரெஞ்சு மருத்துவரும் மிஷேல் லெஸ்கான் என்பவரும் வேர்க்கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், சத்துகள் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு பசையுணவை உருவாக்கினர். 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. அடுப்பு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், எளிதில் கெடுவதும் இல்லை. தாய் அதை வீட்டிலேயே ஊட்டலாம்.

சமைத்த சோற்றுக்கு, விரைவில் கெட்டுப்போவதே சிறப்பாக அமைந்தது. இந்தப் பசைக்கோ, கெடாமல் இருப்பதே சிறப்பு. பெறுபவர் யார், எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துக் கொடுக்கும் முறை தலைகீழாக மாறுகிறது. பாத்திரம் அறிதல் என்பதன் உண்மைப் பொருள் இதுவென்றே தோன்றுகிறது. கொடுக்கலாமா என்று தீர்ப்பளிக்க அன்று, எப்படிக் கொடுப்பது என்று கற்றுக்கொள்ளவே பாத்திரத்தை அறிய வேண்டும்.

ஒவ்வொரு முறைக்கும் அதற்கேற்ற திருடன் வருவான் என்பதையும் மறைக்க வேண்டாம். 2011-இன் பிற்பகுதியில் தானியத்திற்குப் பதிலாக, சோமாலிய வணிகர்களின் உண்டியல் முறை வழியாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பணமும் சீட்டுகளும் வழங்கப்பட்டன. கடைக்காரர்களே பொருளைக் கொண்டுவந்தார்கள். பலர் பிழைத்தனர். ஆனால் அகதி முகாம்களில் இடம் கொடுத்தவர்கள் அந்தப் பணத்திலும் பங்கு கேட்டனர். 2023-இல் ஐக்கிய நாடுகளின் விசாரணை இந்த அபகரிப்பு பரவலாக நடப்பதைக் கண்டது. ஐரோப்பிய ஒன்றியம் அங்கு உணவுத் திட்டத்திற்கான நிதியைத் தற்காலிகமாக நிறுத்தியது.

ஆயினும் கற்ற பாடம் வீண்போகவில்லை. 2017-இல் மீண்டும் மழை பொய்த்தபோது உலகம் அறிவிப்புக்காகக் காத்திருக்கவில்லை. மாதந்தோறும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோரை உதவி எட்டியது; பஞ்சம் தவிர்க்கப்பட்டது. 2022-இன் இறுதிக்குள் தொடர்ந்து ஐந்து பருவ மழைகள் பொய்த்திருந்தன. அவ்வாண்டில் 43,000 பேர் கூடுதலாக இறந்ததாக மதிப்பிடப்பட்டது. பெருந்துயரம்தான், ஆனால் 2011 திரும்பவில்லை. 2025-இலோ செல்வ நாடுகள் நிதியைப் பெருமளவு குறைத்ததால் அங்கு உதவி பெறுவோரின் எண்ணிக்கை மிகவும் சுருங்கியது. இம்முறை உணவைத் தடுத்தது கொள்ளைக்காரன் அல்லன்.

வெறும் பாத்திரம்

பல ஆண்டுகளுக்கு முன்பு கடலோர ஊர் ஒன்றில் வெள்ள நிவாரணப் பணியில் இருந்தேன். நண்பகலில் சாம்பார் சாதம் வழங்கிக்கொண்டிருந்தோம். ஒரு சிறுவன் வாங்கிச் சென்று, சற்று நேரத்தில் மீண்டும் வரிசையில் வந்து நின்றான். சட்டையைக் கொண்டு அடையாளம் கண்டுகொண்டேன். ‘பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள், உனக்கு இரண்டு முறையா?’ என்று கடிந்து அனுப்பிவிட்டேன். நியாயம் செய்தேன் என்ற எண்ணம் எனக்கு.

மாலையில் தொண்டர் ஒருவர் சொன்னார்: தெருக் கடைசி வீட்டில் நடக்க முடியாத ஒரு பாட்டி இருக்கிறார், அவருக்காகத்தான் அந்தப் பையன் இரண்டாம் முறை வந்தான். அவன் முதலில் கொண்டுவந்தது ஒரு தூக்குச் சட்டி. இரண்டாம் முறை கொண்டுவந்தது நசுங்கிய ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டையும் நான் பார்த்தேன். அவன் முகத்தில் பொய்யைத் தேடிய எனக்கு, அவன் கையில் இருந்தது வேறொருவருடைய பாத்திரம் என்று தோன்றவே இல்லை.

இரவு அந்த வீட்டிற்கு உணவு கொண்டுபோனேன். பாட்டி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டிருப்பதால் சொற்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ‘பாத்திரம்’ என்ற ஒரே சொல் நம் மொழியில் தகுதியுடையவரையும் குறிக்கிறது, கையில் ஏந்தும் கலத்தையும் குறிக்கிறது. பசியின் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். வெறுமையாக இருப்பதே கலத்தின் தகுதி. அதற்குமேல் எந்தச் சான்றிதழையும் பசித்தவரிடம் கேட்கும் உரிமை நமக்கு இல்லை. சான்றுகள் கேட்க வேண்டியது இடையில் இருப்பவர்களிடம், நம்மையும் சேர்த்து.

அந்த அன்பருக்கு இப்போது என் பதிலை எழுதி அனுப்பியிருக்கிறேன். ‘நிறுத்த வேண்டாம், கேள்வி கேட்பதையும் நிறுத்த வேண்டாம். எந்த அமைப்பின் மூலம் அனுப்புகிறீர்களோ அதனிடம், எப்படிக் கொடுக்கிறீர்கள், யார் சரிபார்க்கிறார்கள், எவ்வளவு இழந்தீர்கள் என்று விசாரியுங்கள். ஒன்றும் இழக்கவில்லை என்று சொல்பவரைவிட, இழந்ததைக் கணக்கோடு சொல்பவரை நம்புங்கள். பதில் நிறைவளிக்காவிட்டால் வழியை மாற்றுங்கள், கையை மூடாதீர்கள்.’

மீண்டும் அனுப்பத் தொடங்கினாரா என்று நான் கேட்கவில்லை. அது அவருக்கும் அந்தக் குழந்தைக்கும் இடையில் உள்ளது.